குழந்தைங்களுக்கு வர்ற ஈரல் கேன்சர்: பெரியவங்களுக்கு வர்றது வேற, இது வேற

ஈரல்ல கேன்சர்னு யாராச்சும் சொன்னா நம்ம சேலத்துப் பக்கம் முதல்ல வர்ற கேள்வி "குடிப்பாரா?"ன்னு தான். அடுத்து, "இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி வாய்க்கு ருசியா ஆக்கிக் குடுங்க"ம்பாங்க. பெரியவங்க விஷயத்துல அப்படி ஒரு பயம் வர்றதுக்கு காரணம் இருக்கு, பல வருஷம் குடிச்சோ மஞ்சக்காமாலைக் கிருமி இருந்தோ சுருங்கிப்போன ஈரல்ல தான் அவங்களுக்கு பெரும்பாலும் அது வருது. ஆனா அந்தப் பேச்சை அப்படியே தூக்கிட்டு வந்து ஒண்ணரை வயசுக் குழந்தை மேல வைக்கிறாங்க பாருங்க, அங்க தான் எனக்கு மனசு பதறுது. ஏன்னா சின்னக் குழந்தைக்கு வர்றது பெரும்பாலும் வேற ஒரு நோய். மருந்துக்கு நல்லா கட்டுப்படற நோய். முடிஞ்சுதுன்னு நினைச்சு பாதியில வீட்டுக்குத் திரும்பினா தான் அது உண்மையிலேயே முடிஞ்சு போகும்.

நான் டாக்டர் இல்லைங்க. எங்க சித்தி பொண்ணு ஏற்காட்டுல இருக்கா, அவ பையனுக்கு இது வந்தப்ப ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா கூட அலைஞ்சு, டாக்டருங்ககிட்ட கேட்டு, படிச்சுத் தெரிஞ்சுகிட்டது தான் இது. உங்க குழந்தைக்கு என்ன மருந்து எவ்வளவுன்னு உங்க டாக்டர் தான் சொல்லணும், அவர் சொல்றது உங்களுக்குப் புரியற அளவுக்கு நான் எழுதறேன்.

இந்த நோய்க்குப் பேரு ஹெபடோபிளாஸ்டோமா. குழந்தை வயித்துக்குள்ள உருவாகும்போது ஈரலை உண்டாக்குற இளம் செல்லுங்க இருக்கும், அதுங்க எல்லாம் முதிர்ந்து நிஜ ஈரல் செல்லா மாறிடணும். அப்படி மாறாம கொஞ்சம் இளம் செல்லாவே நின்னுபோயி, பெருகிகிட்டே போனா அது கட்டியாகுது. அதனால தான் இது சின்ன வயசுலயே வருது, 10 குழந்தைக்கு வந்தா 9 பேரு 5 வயசுக்குள்ள இருப்பாங்க, அதுலயும் 3 வயசுக்குள்ள தான் ஜாஸ்தி. ரொம்ப அபூர்வம், 10 லட்சம் குழந்தைங்கள்ல வருஷத்துக்கு 1 பேரு 2 பேருன்னு தான் கணக்கு. அபூர்வங்கறதாலயே பல பேருக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது.

எப்படித் தெரியும்னா, வயிறு தான். எங்க பையனுக்கு முதல்ல கண்டுபிடிச்சது அவன் அம்மாயி. குளிப்பாட்டும்போது அரணாக்கயிறு இறுக்குதுன்னு அவுத்துக் கட்டினாங்க, பத்துப் பதினைஞ்சு நாள்ல மறுபடி இறுக்குது. குழந்தை சதை போட்டிருந்தா சந்தோஷம், ஆனா கையும் காலும் குச்சியாத் தான் இருக்கு, கயிறு பட்ட இடத்துல மட்டும் தோல் பள்ளம் விழுந்து செவந்து கிடக்கு. வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழ கை வெச்சா கெட்டியா ஒண்ணு தட்டுப்பட்டிருக்கு. அழுகை இல்ல, காய்ச்சல் இல்ல, ஓடியாடி விளையாடிட்டு தான் இருந்தான், சோறு மட்டும் ரெண்டு வாய்க்கு மேல வேண்டாம்பான். பல குழந்தைங்களுக்கு இப்படித் தான், வலியே இருக்காது. கண்ணு மஞ்சளாகும்னு நாம காத்திருப்போம், ஆனா இந்த நோய்ல மஞ்சக்காமாலை வர்றது கம்மி, ஏன்னா கட்டி இல்லாத மிச்ச ஈரல் ஒழுங்கா வேலை செஞ்சிட்டே இருக்கும்.

வயிறு உப்பிருக்குன்னா நம்ம ஊர்ல உடனே பூச்சி மருந்து, அடுத்து மாந்தம், அடுத்து தொக்கம் எடுக்கக் கூட்டிட்டுப் போறது, வயித்துல எண்ணெய் போட்டு நீவறது. நம்ம பெரியவங்க அக்கறையில தான் செய்யறாங்க, யாரையும் குறை சொல்லலை. ஆனா கெட்டியா ஏதாச்சும் தட்டுப்பட்டா அந்த வயித்தை அழுத்தவே கூடாதுங்க, நீவவும் கூடாது, அக்கம்பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் ஆளாளுக்கு அமுக்கிப் பாக்கவும் கூடாது. கட்டி உள்ளயே கிழிஞ்சு ரத்தம் கசியற ஆபத்து இருக்கு. நேரா குழந்தை டாக்டர்கிட்ட போயி ஒரு ஸ்கேன் எடுங்க, வயித்து அல்ட்ராசவுண்டு தான், ஊசி கிடையாது, ஏற்காட்டுல இருந்து இறங்கி வந்தா சேலத்துல அன்னிக்கே எடுத்துடலாம். அதோட, கட்டின்னாலே கேன்சர்னும் முடிவு பண்ண வேண்டாம், ஈரல்ல ரத்தநாளக் கட்டி, சீழ்க்கட்டி, நீர்க்கட்டின்னு கேன்சர் அல்லாததும் நிறைய இருக்கு, கிட்னியில இருந்து கிளம்பற கட்டி கூட அதே இடத்துல தட்டுப்படும். எதுன்னு பாத்தாத் தான் தெரியும்.

ஸ்கேன்ல ஈரல்ல கட்டின்னு வந்துட்டா அடுத்து ரத்தத்துல ஏஎஃப்பின்னு ஒரு டெஸ்ட் எழுதுவாங்க. இதை நல்லா புரிஞ்சு வெச்சுக்கங்க, ஏன்னா மொத்த வைத்தியமும் முடியற வரைக்கும் இந்த நம்பர் கூடவே வரும். ஏஎஃப்பிங்கறது கருவுல இருக்கும்போது குழந்தை ஈரல் சுரக்கற ஒரு புரதம். பிறந்த குழந்தைக்கு எல்லாருக்குமே பத்தாயிரக்கணக்குல இருக்கும், மாசம் ஆக ஆக குறைஞ்சு ஒரு வயசு வாக்குல பெரியவங்க அளவுக்கு, அதாவது 10க்கும் கீழ வந்துடும். அதனால ஒரு மாசக் குழந்தையோட ரிப்போர்ட்ல ஆயிரக்கணக்குல பாத்துட்டு பயந்துடாதீங்க, வயசை வெச்சுத் தான் அதைப் படிக்கணும். ஹெபடோபிளாஸ்டோமா வந்தவங்கள்ல 10ல 9 பேருக்கு இது தாறுமாறா ஏறியிருக்கும், லட்சக்கணக்குல கூட இருக்கும். மருந்து வேலை செஞ்சா இறங்கும். கட்டி முழுசா போயிட்டா 5லிருந்து 7 நாளைக்கு ஒருதரம் பாதி பாதியா குறைஞ்சுகிட்டே வரும். ஒரு விஷயம் மட்டும் தலைகீழ்: கட்டி பெருசா இருந்து ஏஎஃப்பி 100க்கும் கீழ இருந்தா சந்தோஷப்படக் கூடாது, அது கட்டி முரட்டு வகைன்னு காட்டற அறிகுறின்னு டாக்டருங்க கவலைப்படுவாங்க.

எங்க சித்தி பொண்ணு வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவை ரிப்போர்ட் வரும்போதும் அந்த நம்பரை தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் எழுதி மணிபர்ஸ்ல வெச்சுக்குவார். லட்சத்துல ஆரம்பிச்சு, பத்தாயிரத்துக்கு வந்து, அப்புறம் மூணு இலக்கம். டாக்டர் ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடியே அவருக்கு பாதி விஷயம் தெரிஞ்சிரும். அப்படி ஒரு தாள் எல்லாரும் வெச்சுக்கணும்னு நான் சொல்லுவேன், தேதி போட்டு, ஏன்னா வேற வேற லேப்ல எடுத்தா ரிப்போர்ட் எங்கயாச்சும் தொலைஞ்சு போகும்.

அப்புறம் வயித்துக்கு சிடி இல்லைன்னா எம்ஆர்ஐ, நெஞ்சுக்கு சிடி. நெஞ்சு எதுக்குன்னா இந்த நோய் பரவினா முதல்ல போற இடம் நுரையீரல், கண்டுபிடிக்கும்போதே 5 பேர்ல ஒருத்தருக்கு அங்க போயிருக்கும். அடுத்தது பயாப்ஸி, ஸ்கேன்ல பாத்துகிட்டே ஊசி விட்டு கொஞ்சம் சதை எடுக்கறது. இங்க தான் பல குடும்பம் எழுந்திரிச்சு வீட்டுக்குப் போயிடுது, "ஊசி பட்டா பரவிடும், கத்தி பட்டா பரவிடும்"னு யாரோ சொல்லியிருப்பாங்க. மயக்கம் குடுத்து, நல்ல ஈரல் வழியா ஊசியைக் கொண்டு போயி, ரத்தம் கசியாம பாத்து எடுக்கறாங்க, அந்தத் துணுக்கு இல்லாம எந்த வகைன்னு தெரியாது, வகை தெரியாம மருந்தை முடிவு பண்ணவும் முடியாது. தயவுசெஞ்சு இந்த இடத்துல பின்வாங்காதீங்க.

ரிப்போர்ட்டுல ப்ரீடெக்ஸ்ட் 1, 2, 3, 4ன்னு போட்டிருப்பாங்க. நம்ம ஆளுங்க அதை ஸ்டேஜ்னு நினைச்சு, 4னு பாத்ததும் இடிஞ்சு போயி உக்காந்துடறாங்க. இது வேற கணக்குங்க. ஈரலை நாலு பாத்தியா பிரிச்சிருக்காங்கன்னு வெச்சுக்கங்க, கட்டி ஒரு ஓரப் பாத்தியில மட்டும் இருந்து பக்கத்துல மூணு பாத்தி சுத்தமா இருந்தா 1, சேர்ந்தாப்ல ரெண்டு பாத்தி சுத்தம்னா 2, ஒண்ணு தான் சுத்தமா கிடைக்குதுன்னா 3, நாலுலயும் இருந்தா 4. ஆபரேஷன்ல எவ்வளவு வெட்ட வேண்டி வரும்னு சர்ஜன் திட்டம் போடறதுக்கான நம்பர் இது. கூடவே ரத்தக்குழாய் வரைக்கும் போயிருக்கா, நுரையீரலுக்குப் போயிருக்கா, கட்டி கிழிஞ்சிருக்கான்னு தனி எழுத்துல குறிப்பாங்க. எல்லாத்தையும் சேத்துத் தான் ஆபத்து கம்மியா ஜாஸ்தியான்னு முடிவு பண்றது.

இப்ப வைத்தியத்துக்கு வருவோம். கட்டியை முழுசா எடுத்தாத் தான் குணம், அதுல மாற்றம் இல்ல. ஆனா நிறைய பேருக்கு கண்டுபிடிக்கும்போது கட்டி பெருசா இருக்கும், உடனே வெட்ட முடியாது. அதனால முதல்ல கீமோ, அதாவது கேன்சர் செல்லை அழிக்கற மருந்து குடுத்து சுருக்கி, அப்புறம் ஆபரேஷன், திரும்பக் கொஞ்சம் கீமோ. முக்கிய மருந்து சிஸ்பிளாட்டின். இது வந்ததுக்கு அப்புறம் தான் இந்த நோயோட கதையே மாறிச்சு. சியோபெல்னு பல நாட்டு டாக்டருங்க சேர்ந்து இந்த நோய்க்குன்னே ஆராய்ச்சி நடத்தற ஒரு குழு இருக்கு, அவங்க 2009ல வெளியிட்ட முடிவு ரொம்ப முக்கியமானது: ஆபத்து கம்மியான குழந்தைங்களுக்கு சிஸ்பிளாட்டின் மட்டும் குடுத்தாலும், கூட இதயத்தைப் பாதிக்கக் கூடிய டாக்ஸோரூபிசின் சேத்துக் குடுத்தாலும் பலன் கிட்டத்தட்ட ஒண்ணு தான்னு தெரிஞ்சிச்சு. 3 வருஷம் கழிச்சு சிஸ்பிளாட்டின் மட்டும் வாங்கின 100 குழந்தைல 95 பேரு உயிரோட இருந்தாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு ஆபரேஷனுக்கு முன்னாடி 4, பின்னாடி 2, அவ்வளவு தான் அந்த முறை. நுரையீரலுக்குப் பரவினவங்க, நாலு பாத்தியிலயும் இருக்கறவங்களுக்கு கீமோ இன்னும் கடுமையா, நெருக்கமா போகும், 2013ல வந்த ஆராய்ச்சியில அப்படிப்பட்ட குழந்தைங்கள்லயே 3 வருஷத்துல 100க்கு 83 பேரு பிழைச்சிருந்தாங்க. நுரையீரலுக்குப் போயிடுச்சுன்னு சொன்னதும் கை விட்டுடறவங்களுக்காகத் தான் இந்த நம்பரை எழுதறேன். இதெல்லாம் முழு வைத்தியமும் விடாம வாங்கினவங்க கணக்கு, ரெண்டு கீமோவுல வயிறு சுருங்கிடுச்சு, குழந்தை நல்லா சாப்பிடறான், இனி எதுக்குன்னு நின்னுட்டா இந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது, கட்டி திரும்ப வளரும், அப்ப மருந்துக்கு மடங்காமலும் போகலாம்.

கீமோ சமயத்துல வாந்தி வரும், முடி கொட்டலாம், ரத்தம் குறையும். எல்லாத்துக்கும் மருந்து இருக்கு. நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ரெண்டு.

ஒண்ணு காய்ச்சல். கீமோவுக்கு அப்புறம் வெள்ளை அணு குறைஞ்சிருக்கும்போது 100.4 டிகிரி தொட்டாலே அது அவசரம், ராத்திரி ரெண்டு மணியானாலும் சரி. வீட்டுல காய்ச்சல் சொட்டு மருந்து குடுத்து இறக்கிட்டு காலையில பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது, சொட்டு மருந்துல காய்ச்சல் இறங்கும், கிருமி இறங்காது, சில மணி நேரத்துல குழந்தை துவண்டு போயிடும். நரம்பு வழியா ஆன்டிபயாட்டிக் உடனே ஏத்தணும். ஏற்காட்டுல, நாகலூர்ல, அதுக்கும் மேல உள்ள தோட்டங்கள்ல இருக்கறவங்க இதை முன்கூட்டியே யோசிக்கணும், 20 கொண்டை ஊசி வளைவை மழையில, பனிமூட்டத்துல, நடுராத்திரி இறங்கி வர்றது லேசுப்பட்ட காரியமில்ல. கீமோ முடிஞ்சு ரத்த அணு ஏறற வரைக்கும் கீழ சேலத்துல கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டி பக்கம் சொந்தக்காரங்க வீடு எதுலயாச்சும் தங்கிக்கங்க. எங்க பையன் அம்மாவும் அவனும் அப்படித் தான் எங்க வீட்டுல இருந்தாங்க, தெர்மாமீட்டர் ஒண்ணு சாமி படத்துக்குப் பக்கத்துலயே இருக்கும். 108 கூப்பிட்டதும் "கீமோ ஏத்தற குழந்தை, காய்ச்சல்"னு முதல்ல சொல்லிடுங்க, ஆஸ்பத்திரி போனதும் அதையே சொல்லுங்க, சாதாரண காய்ச்சல் வரிசையில உக்கார வெச்சுடக் கூடாது.

ரெண்டாவது காது. சிஸ்பிளாட்டின் உள்காதுல இருக்கற செல்லுங்களை நிரந்தரமா அழிக்கும், முதல்ல போறது கீச்சுன்னு இருக்கற மெல்லிய சத்தங்கள். கூப்பிட்டா திரும்பிப் பாப்பான், அதனால கேக்குதுன்னு நாம நினைச்சுக்குவோம், ஆனா பேச்சுல வர்ற ச, ஸ மாதிரி ஒலி அவன் காதுல விழாது. பேச்சு கத்துக்கற வயசுல இது பெரிய இழப்பு. 2018ல வந்த ஆராய்ச்சியில, பரவாத நோய் இருக்கற குழந்தைங்களுக்கு சிஸ்பிளாட்டின் ஏத்தி முடிச்ச 6 மணி நேரம் கழிச்சு சோடியம் தயோசல்ஃபேட்னு ஒரு மருந்து குடுத்துப் பாத்தாங்க, அது வாங்காதவங்கள்ல 63 சதவீதம் பேருக்கு காது பாதிச்சிருந்துச்சு, வாங்கினவங்கள்ல 33 சதவீதம் தான், கேன்சர் குணமாகறதுலயும் குறைவு தெரியலை. உங்க குழந்தைக்கு அது பொருந்துமான்னு டாக்டர்கிட்ட வாய் விட்டுக் கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. கீமோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு காது டெஸ்ட், நடுவுல, முடிஞ்ச பின்னாடின்னு எடுக்கச் சொல்லுங்க, ரொம்பச் சின்னக் குழந்தைன்னா தூங்க வெச்சு எடுக்கற பெரா டெஸ்ட் இருக்கு. கிட்னியையும் இந்த மருந்து பாதிக்கும், அதுக்குத் தான் அவ்வளவு சலைன் ஏத்தறாங்க, நிறைய ஒண்ணுக்குப் போறானேன்னு பயப்பட வேண்டாம்.

இந்த நேரத்துல ஈரலுக்கு நல்லதுன்னு கீழாநெல்லி, லேகியம், பஸ்பம் எதுவும் டாக்டருக்குத் தெரியாம குடுக்காதீங்க. கீமோவைத் தாங்கிட்டிருக்கற ஈரலுக்கும் கிட்னிக்கும் அது மேல ஒரு சுமை.

ஆபரேஷன்னா பாதி ஈரலை வெட்டறாங்களேன்னு எல்லாருக்கும் கலங்கும். மிச்சம் இருக்கறது நல்ல ஈரலா இருந்தா நாலுல மூணு பங்கு வரைக்கும் எடுக்கலாம், மிச்ச ஒரு பங்கு வளர்ந்து சில மாசத்துல பழைய அளவுக்குக் கிட்ட வந்துடும், உடம்புல இப்படி வளர்ற உறுப்பு ஈரல் தான். அப்படி வளரும்போது ஏஎஃப்பி கொஞ்சம் தாமதமா இறங்கலாம், லேசா ஏறியும் காட்டலாம், ஒரே ஒரு ரிப்போர்ட்டை வெச்சு அழ வேண்டாம். நாலு பாத்தியிலயும் கட்டி இருந்து கீமோவுக்கும் ஒதுங்கலைன்னா, இல்ல முக்கிய ரத்தக்குழாயைச் சுத்தியிருந்தா, ஈரலையே மாத்தறது தான் வழி. அப்பா அம்மாவோட ஈரல்ல இடது ஓரத்துல ஒரு சின்னத் துண்டு போதும், கால் பங்கு கூட வராது, குடுத்தவங்களுக்கு அது திரும்ப வளர்ந்துடும். இந்தியாவுல குழந்தைக்கு வெற்றிகரமா நடந்த முதல் ஈரல் மாற்று 1998ல டில்லியில, அது நம்ம காஞ்சிபுரத்துக் குழந்தை, ரெண்டு வயசு கூட ஆகலை, அப்பா தான் ஈரல் குடுத்தார். அந்தக் குழந்தைக்கு இருந்தது கேன்சர் இல்ல, பித்தக்குழாய் அடைப்பு, ஆனா அவர் வளர்ந்து இன்னிக்கு டாக்டரா இருக்கார். மாற்று பண்ணினா ஆயுசுக்கும் மாத்திரை உண்டு, அதையும் தெரிஞ்சே முடிவெடுக்கணும்.

எங்க போறதுன்னா, சேலத்துல பெரியாஸ்பத்திரி, அதாவது மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில குழந்தைகள் பிரிவுல காட்டி அங்கிருந்து லெட்டர் வாங்கிக்கங்க. வேலூர் சிஎம்சி, சென்னையில எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரி, 1954ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்ச அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்னு பெரிய இடங்க இருக்கு. குழந்தை கேன்சர் டாக்டரும், ஈரல் சர்ஜனும் சேர்ந்து பாக்கற இடமா இருக்கணும், அது தான் கணக்கு. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு வருஷம் ₹5 லட்சம் வரைக்கும், ஆண்டு வருமானம் ₹1,20,000க்குள்ள இருக்கணும், கார்டு இல்லைன்னா ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு மையத்துல எடுத்துக்கலாம். வைத்தியத்துக்கு ரயில்ல போறப்ப கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பர்ல டிக்கெட் இலவசம், கூட போற ஒருத்தருக்கு 75 சதவீதம் சலுகை, ஆஸ்பத்திரியில அதுக்குன்னு ஒரு ஃபார்ம்ல கையெழுத்து வாங்கணும். எங்களுக்கு யாரும் இதைச் சொல்லலை, அதான் சொல்றேன்.

ஏன் வருதுன்னு கேட்டா, பெரும்பாலான குழந்தைக்கு காரணமே கிடையாது, செல்லுல ஒரு மரபணு தானா மாறிடுது. 1.5 கிலோவுக்கும் கம்மியா குறைமாசத்துல பிறந்தவங்களுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. பிறக்கும்போதே நாக்கு ரொம்பப் பெருசா, உடம்பு ஒரு பக்கம் பெருசா இருக்கற ஒரு குறைபாடு இருக்கு, அவங்களுக்கும், சின்ன வயசுலயே குடல்ல நூத்துக்கணக்குல கட்டி வர்ற பரம்பரை உள்ள வீட்டுக் குழந்தைங்களுக்கும் வரலாம், அப்படிப்பட்டவங்க முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லி ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கணும். மத்தபடி கிரகணத்துல வெளிய போனா, மாசமா இருக்கும்போது மாம்பழம் தின்னா, திருஷ்டி பட்டுச்சுன்னு பெத்தவ மேல பழி போடறதை நான் என் காதால கேட்டேன். ஆஸ்பத்திரி வராண்டாவுல குழந்தையை மடியில வெச்சிருக்கறவகிட்ட அந்தப் பேச்சைப் பேசாதீங்க, அதுல துளி உண்மை கிடையாது. ஒட்டிக்கற நோயும் இல்ல, அண்ணன் தங்கச்சியோட தாராளமா விளையாடலாம்.

இன்னொரு வகை இருக்கு, ஹெபடோசெல்லுலர் கார்சினோமா, பெரியவங்களுக்கு வர்ற அதே வகை. இது கொஞ்சம் பெரிய பிள்ளைங்களுக்கு, 10 வயசுக்கு மேல. சிலருக்கு பிறவியிலயே ஈரல் கோளாறு இருக்கும், சிலருக்கு பிரசவத்துல அம்மாகிட்ட இருந்து வந்த ஹெபடைட்டிஸ் பி கிருமி காரணம். இது கீமோவுக்கு அவ்வளவா மடங்காது, முழுசா வெட்டி எடுக்கறதோ ஈரல் மாத்தறதோ தான் நம்பிக்கை. ஆனா ஹெபடைட்டிஸ் பி வழியா வர்றதைத் தடுக்க ஊசியே இருக்கு. தைவான்ல 1984ல ஆரம்பிச்சு குழந்தைங்களுக்குப் போட்டாங்க, 1990கள்லயே 6லிருந்து 14 வயசுப் பிள்ளைங்களுக்கு வர்ற ஈரல் கேன்சர் பாதியா குறைஞ்சிடுச்சு. நம்ம ஊர்ல பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள ஒண்ணு, அப்புறம் 6, 10, 14 வாரத்துல அஞ்சு நோய்க்கு ஒண்ணாப் போடற பென்டாவேலன்ட் ஊசியோட சேர்ந்து வருது, எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். மலைமேல வீட்டுலயோ வர்ற வழியில ஆம்புலன்ஸ்லயோ பிரசவம் ஆயிட்டா அந்த முதல் ஊசி தான் விட்டுப்போகுது, நர்ஸம்மாகிட்ட கேட்டு அன்னிக்கே போட்டுடுங்க. கர்ப்பமா இருக்கும்போது ரத்த டெஸ்ட்ல அம்மாவுக்கு கிருமி இருக்குன்னு வந்தா குழந்தைக்கு பிறந்ததும் கூடுதலா, கிருமியை உடனே எதிர்க்கற இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடணும், பிரசவம் பாக்கற இடத்துல முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க.

வைத்தியம் முடிஞ்சாலும் ஏஎஃப்பி முதல்ல மாசாமாசம், அப்புறம் இடைவெளி விட்டு சில வருஷம் பாக்கணும், திரும்ப வந்தா முதல்ல அதுல தான் தெரியும், முதல் ரெண்டு மூணு வருஷம் ரொம்ப முக்கியம். டாக்ஸோரூபிசின் வாங்கினவங்களுக்கு எக்கோவும், அதாவது இதயத்துக்கு எடுக்கற ஸ்கேனும் அப்பப்ப எடுக்கணும். நின்னுபோன தடுப்பூசிங்களை எப்ப திரும்ப ஆரம்பிக்கறதுன்னு டாக்டர் தேதி குடுப்பார். காது குறைஞ்சிருந்தா பள்ளிக்கூடம் சேக்கற வரைக்கும் காத்திருக்காம இப்பவே மெஷின் மாட்டிடுங்க, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விண்ணப்பம் குடுத்தா கிடைக்கும், அங்கன்வாடி டீச்சர்கிட்ட முன்வரிசையில உக்கார வெச்சு முகத்தைப் பாத்துப் பேசச் சொல்லுங்க.